லேயன்டால் மலையும் காவக்கார கூனோவும்

ம் சொல்லிக்கிட்டே கேக்கணும். ம் நின்னுச்சுன்னா அத்தை கதையை நிறுத்திட்டு லைட்டை அணைச்சிருவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு ஆறு. ஊருக்குள்ள ஆறா, ஆத்துக்குள்ள ஊரான்னு தெரியாது, அப்படி வளைஞ்சு வளைஞ்சு ஓடும். ஜெர்மனியில, அத்தை நர்ஸ் வேலை பார்த்தேனே, அந்தப் பக்கம். ஆத்துப் பேரு மோசெல். ஊர்ப் பேரு லேயன்டால். எங்க, சொல்லு. லே... யன்... சரி விடு, முன்பல்லு ரெண்டு இல்லாத வாய்க்கு இதுவே ஜாஸ்தி.

ஆத்துக்கு அந்தக் கரையில செங்குத்தா ஒரு மலை, பூரா கறுப்புக் கல்லு, பலகை பலகையா. வெயிலு அங்கதான் சுள்ளுன்னு அடிக்கும். இந்தக் கரையில ஒரே நிழலு. அப்போ வீட்டை எங்க கட்டியிருப்பாங்க? வெயில்லயா? அதான் இல்ல! வெயிலைத் திராட்சைக் கொடிக்குக் குடுத்துட்டு இவங்க நிழல்ல நடுங்கிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ரோமாபுரிப் பட்டாளம் வந்து அந்தத் திராட்சைக் கொடியை நட்டுச்சாம். அப்புறம் சாமியாருங்க வந்தாங்க, ராஜாக்கள் வந்தாங்க, வெள்ளம் வந்துச்சு, எல்லாம் வந்த வழியே போயிருச்சு. கொடி மட்டும் போகல. அந்தப் பழத்தைப் பிழிஞ்சு ஒயின் பண்ணி வித்தாத்தான் ஊருக்கே சோறு. உனக்கா? உனக்குப் பாலு.

ம்?

அப்புறம், அந்த ஊர்ல ஒரு சட்டம். பழம் பழுக்க ஆரம்பிச்சா மலையை மூடிருவாங்க. தோட்டக்காரனே தன் தோட்டத்துல கால் வைக்கக் கூடாது. அவசரக்குடுக்கை எவனாவது காயாப் பறிச்சிருவான்ல, அதுக்கு. படகையெல்லாம் சங்கிலி போட்டுக் கட்டிருவாங்க. மாதா கோயில் மணி அடிச்சாத்தான் சங்கிலி அவிழும், எல்லாரும் ஒண்ணாப் போய்ப் பறிப்பாங்க. அதுவரைக்கும் மேல ஒரே ஒரு ஆளு, காவலுக்கு. அவன்தான் கூனோ.

மைனா மாதிரி குருவிக் கூட்டம் வரும், கீச் கீச் கீச்சுன்னு. இவன் கொஞ்சம் அசந்தா மலையே மொட்டை. அதனால கட்டைக் கிலுகிலுப்பையைச் சுத்துவான், கட கட கட! துப்பாக்கியால சுடுவான், டமார்! சுட்டுச் சுட்டுக் காது பாதி போச்சு. நீ கார்ட்டூன் பார்க்கும்போது கூப்பிட்டா உனக்கு எவ்வளவு கேக்குமோ, அவ்வளவுதான் அவனுக்கும் கேக்கும்.

கூனோ பொண்டாட்டி வால்புர்கா. போன வருஷம் இவன் மலையில இருந்தப்போ அவளுக்கு ஒரு குழந்தை பொறந்துச்சு. தங்கல. மணி அடிச்சு இவன் இறங்கி வந்தப்போ பார்க்கிறதுக்கு ஒண்ணுமில்ல. பாவம், ரெண்டு பேரும் அழுத அழுகை கொஞ்சமில்ல.

இந்த வருஷம் மறுபடியும் காலையில வலி எடுத்துருச்சு. "அவரு வராம நான் பெத்துக்க மாட்டேன்"னா வால்புர்கா.

"ஏன்டி, அது என்ன உன் கையிலயா இருக்கு?"ன்னா மாமியா கெர்ட்ரூட். சொந்தத் தம்பி நாலு பழம் தின்னான்னு ஊர்ச்சபையில மாட்டிவிட்ட மகராசி அவ. சட்டம்னா சட்டம்!

அப்போ கெர்ட்ரூட் ஆத்தோரம் நின்னு கத்தினா, "கூனோ... ஓ!" மலை அதையே மூணு தடவை திருப்பிக் கத்துச்சு. ஊர்ல எல்லாருக்கும் கேட்டுச்சு, கூனோவுக்கு மட்டும் கேக்கல. அப்புறம் தன்னோட சிவப்புப் பாவாடையைக் கம்புல கட்டி ஆட்டினா, படபடன்னு. அது அவன் கண்ணுல பட்டுச்சு. 'அட, அம்மாவும் குருவி விரட்டுறாங்களே'ன்னு சந்தோஷமாத் தொப்பியைத் தூக்கி ஆட்டினான், மக்கு.

வீட்டுக்குள்ள வால்புர்கா "அம்மா!"ன்னு அலறினா. கெர்ட்ரூட் ஒரு நிமிஷம் நின்னா. அப்புறம் விறுவிறுன்னு போய் மணிக்கயித்தைப் புடிச்சு இழுத்தா பாரு...

டாண்! டாண்! டாண்!

தூங்கிட்டியா? ம் சொல்லு.

ஊரே கூடையைத் தூக்கிக்கிட்டுப் படகுல ஏறுச்சு. கூனோ தட தடன்னு இறங்கி வந்தான். "இன்னும் பழுக்கலையே! எவன்டா மணி அடிச்சது?"

"நான்தான்டா"ன்னு முதல் படகுல இருந்து குதிச்சா கெர்ட்ரூட். காதைப் புடிச்சு அதுக்குள்ளயே சொன்னா, "வால்புர்காவுக்கு வலி வந்திருச்சு. ஏறு!"

கூனோ படகைப் பார்த்தான், மலையைப் பார்த்தான். "நான் போனா குருவி வருமேம்மா. ஊருக்கு என்ன மிஞ்சும்?" கண்ணுல தண்ணி வந்துருச்சு அவனுக்கு.

ஊர்த்தலைவரு ஒரு பழத்தை வாயில போட்டாரு. மூஞ்சி அஷ்டகோணலா ஆச்சு. "தூ, புளி!"ன்னு துப்பிட்டு, கூனோ கையில இருந்த கிலுகிலுப்பையை வாங்கிக்கிட்டாரு. "குருவியை நாங்க பார்த்துக்கிறோம். நீ போடா."

படகு சளக் சளக்குன்னு போச்சு. கூனோ ஓடிப்போய் வால்புர்கா கையைப் புடிச்சான். கொஞ்ச நேரத்துல குவா குவா! பொம்பளைப் புள்ள, கொழுக்கட்டை மாதிரி. கூனோ குழந்தையை விடச் சத்தமா அழுதான்.

அப்போ மலையில குருவி வந்துருச்சு. ஊரே வரிசை வரிசையா நின்னு கூடையைத் தட்டுச்சு, டம் டம்! தலைவரு கட கட கட! ஒருநாள் இல்ல, ஒன்பது நாள். கூனோவைக் கரைப்பக்கமே விடல. அப்புறம் நிஜமாவே பழுத்து, நிஜமாவே மணி அடிச்சு, பறிச்சு முடிச்சு, எல்லாரும் அப்பாடான்னு வீட்டுக்கு வந்தாங்க. ஊரே கப்சிப்.

குழந்தை வீல்! ஒன்பது நாளும் அந்தச் சத்தத்துலயே தூங்கிப் பழகுன புள்ள. அமைதியா இருந்தாத் தூக்கம் வருமா அதுக்கு? தாலாட்டு பாடினாங்க, தோள்ல போட்டாங்க, ம்ஹும். கடைசியில தலைவரு, கையெல்லாம் கொப்புளத்தோட, கொட்டாவி விட்டுக்கிட்டே ஜன்னலுக்கு வெளியே வந்து நின்னாரு. பின்னாடியே ஊரும் கூடையோட வந்து நின்னுச்சு. கட கட கட, டம் டம் டம்.

குழந்தை சிரிச்சுக்கிட்டே கண்ணை மூடிருச்சு.

கதை கரை சேர்ந்தாச்சு, அல்லிக்குட்டி. உனக்கு நாலு தெரு ஆளைக் கூட்டிட்டு வர அத்தையால ஆகாது. கண்ணை மூடு.