அடியில் ஒரு பெருக்கல் குறி

குடிலுக்கு வந்த அன்றைக்கு மாசிலாமணி கேட்ட முதல் கேள்வி, பாத்திர அறைக்கு எத்தனை சாவி என்பது.

"ஒண்ணுதான் ஐயா," என்றார் கோமகள்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அந்தப் பதிலையும் அவர் முழுசாக நம்பவில்லை.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் சுங்க அதிகாரியாக இருந்தவர் அவர். மரப்பெட்டியை விரலால் தட்டியே உள்ளே என்ன என்று சொல்லிவிடுவார் என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகும் கை ஓயவில்லை. பொங்கலுக்கு வந்திருந்த மருமகன் குளிக்கப் போன நேரத்தில், அவருடைய பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மகள் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டாள். அன்றைக்கு மத்தியானப் பஸ்ஸிலேயே புருஷனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனவள்தான். நாலு வருஷம் ஆகிறது.

இதை அவரே கோமகளிடம் சொன்னார்.

"பையில என்ன இருந்துச்சு?"

"ரெண்டு சட்டை. துண்டு. பேத்திக்கு இருமல் மருந்து." சற்று நிறுத்தினார். "அடி ஜிப்பைத் திறக்கறதுக்குள்ள மக வந்துட்டா."

கோமகள் சிரிக்கவில்லை. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"பாத்திர அறையை நீங்க பாத்துக்கோங்க."

தேரி என்ற செம்மணல் மேட்டுக்கு நடுவே, பனைகளுக்கு அடியில் இருந்தது அந்தக் குடில். கோமகளுக்கு நாற்பத்தெட்டு வயது. மாசிலாமணியைவிடப் பதினேழு வயது இளையவர். ஒரு காலத்தில் அகழ்வாய்வுக் குழிகளில் வேலை செய்தவர். அவருடைய ஆசிரியர் பல தேசங்களில் மண்ணைத் தோண்டியவர். சாகும்போது ஏழு பழம் பாத்திரங்களை மாணவிக்கு விட்டுப்போனார். அவற்றை வைத்துக்கொண்டு கோமகள் இங்கே வந்து உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக ஆட்கள் வந்தார்கள். காலையில் ஆளுக்கொரு பாத்திரத்தின் முன்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவுதான் அங்கே பாடம்.

மாசிலாமணி முதலில் காகிதங்களைப் பார்த்தார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அந்தந்தத் தேசத்து அனுமதிக் கடிதம் இருந்தது. முத்திரைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குறை இல்லை. குறை இல்லாமல் இருந்ததே அவருக்கு உறுத்தியது.

அப்புறம் பாத்திரங்கள். சிந்து வெளியிலிருந்து வந்த ஜாடியில் கழுத்திலிருந்து அடிவரை துளைகள். எதையும் ஊற்றி வைக்க முடியாத ஜாடியை எவன் செய்வான்? சீனத்துக் குடத்தில் கருஞ்சுழிகள் வரைந்திருந்தன. வண்ணம் இத்தனை ஆயிரம் வருஷம் இருக்குமா? பெரு தேசத்துப் பாத்திரத்துக்கு மேலே வளையம் போல ஒரு குழாய், ஒரு பக்கம் பறவைத் தலை. பறவை அவரையே பார்த்தது. ஜப்பானுடையதில் ஈர மண்ணில் கயிற்றை அழுத்திய தடம். யூப்ரடீஸ் கரையிலிருந்து வந்தது ஒரு கோணல் கிண்ணம். கூலியாட்களுக்குத் தானியம் அளந்து போட ஆயிரக்கணக்கில் செய்தார்களாம்.

கடைசி இரண்டைப் பார்த்ததும் நேரே கோமகளிடம் வந்தார்.

"அம்மா, உங்க ஆசிரியரை யாரோ ஏமாத்தியிருக்காங்க. நைல் நதிப் பாத்திரம்னு ஒண்ணு வச்சிருக்கீங்க. தாமிரபரணிப் பாத்திரம்னு ஒண்ணு. ரெண்டும் ஒரே ஜாடை. உடம்பு சிவப்பு, வாய் கருப்பு. ரெண்டும் ஒரே சூளையில வெந்ததுதான்."

"ரெண்டு பேரும் வாய்ப்பக்கத்தைச் சாம்பல்ல புதைச்சுச் சுட்டிருக்காங்க, ஐயா."

"அவ்வளவு தூரத்துல இருக்கற ரெண்டு பேருக்கு எப்படி ஒரே யோசனை வரும்?"

"ரெண்டு பேருக்கும் ஒரே நெருப்புதானே."

மாசிலாமணி தலையாட்டினார். நம்பவில்லை.

குடிலில் இன்னாசி என்று ஒருவர் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மாசிலாமணி சாவியை வாங்கிய மறுநாள் அவரே தேடி வந்தார்.

"சார், நீங்க பிறத்தியார் சொல்லிக் கேக்கதுக்கு முன்னாடி நானே சொல்லிருதேன். நான் ஒரு அருங்காட்சியகத்துல ஒடஞ்ச பாத்திரம் ஒட்டுற வேலை பாத்தேன். அங்க ஒரு ஜாடியைக் களவாண்டு வித்தேன். ரெண்டு வருசம் உள்ள இருந்தேன்."

"இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க?"

"தினம் மத்தியானம் அந்த அறையில தூசி தொடைக்கது என் வேலை. உங்ககிட்டத்தான் சாவி கேக்கணும்."

தானாக வந்து ஒப்புக்கொள்கிறவனிடம்தான் மறைத்து வைத்த இரண்டாவது பெட்டி இருக்கும் என்பது மாசிலாமணியின் அனுபவம். அன்று முதல் அவர் கண் இன்னாசியை விட்டு அகலவில்லை.

தினமும் மத்தியானம் அவரே பூட்டைத் திறந்துவிட்டு, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மணல் பறந்து வருகிறது என்று இன்னாசி கதவை ஒருக்களித்து வைப்பார். இடுக்கு வழியாக முதுகு மட்டும் தெரியும். குனிந்த முதுகு. தூசி துடைக்க இவ்வளவு நேரமா? அவன் உள்ளே போகும்போது இருந்த பாத்திரமும் வெளியே வந்த பிறகு இருக்கும் பாத்திரமும் ஒன்றுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?

ஒரு நாள் காலை, எல்லோரும் கிணற்றடியில் இருந்த சமயம், ஏழு பாத்திரங்களையும் கவிழ்த்து அடியில் சாக்பீஸால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டார். துறைமுகத்தில் சோதித்து முடித்த பெட்டிக்குப் போடும் அதே குறி.

சாயங்காலம் கவிழ்த்துப் பார்த்தார். ஏழிலும் குறி இல்லை.

தூசியோடு சாக்பீஸும் போயிருக்கும் என்று ஒரு மனம் சொன்னது. அப்படிச் சொல்ல வசதியாகத்தானே அவன் தினமும் துடைக்கிறான் என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டாவது மனம் சொன்னதைக் கேட்டுத்தான் அவருக்குப் பழக்கம்.

மறுநாள் ஒரு இரும்பு ஆணியை எடுத்தார். அழியாத குறியாகப் போட்டார். ஏழிலும். மண் எதிர்பார்த்ததைவிட மிருதுவாக இருந்தது. நைல் பாத்திரத்தில் ஆணி கொஞ்சம் ஆழமாகவே இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் மாலையில் கவிழ்த்துப் பார்த்தார். குறிகள் இருந்தன. ஒரு வாரம் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஒன்பதாம் நாள் நைல் பாத்திரத்தில் குறி இல்லை.

விரலால் தடவிப் பார்த்தார். ஒரே வழவழப்பு. மற்ற ஆறிலும் குறி அப்படியே இருந்தது. ஒன்றில் மட்டும் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு பெட்டியை உடைத்து உள்ளே சரக்கைப் பார்த்த சந்தோஷம் அவருக்கு.

மறுநாள் மத்தியானம் கஞ்சி குடிக்க எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மாசிலாமணி நைல் பாத்திரத்தைத் துண்டில் ஏந்திக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

"இது நம்ம பாத்திரம் இல்ல. மாத்தி வச்சிருக்கு. மாத்தினவர் இங்கதான் உக்காந்திருக்கார்."

எல்லோருடைய பார்வையும் ஒரே பக்கம் போனது. இன்னாசி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் கோமகள்.

"அடியில நான் போட்ட குறி இல்ல."

"என்ன குறி?"

அந்தக் கேள்வி வரும் என்று மாசிலாமணி நினைத்திருக்கவில்லை. "ஒரு அடையாளம். பெருக்கல் குறி."

"எதால போட்டீங்க?"

"முதல்ல சாக்பீஸ்."

"அப்புறம்?"

"ஆணி."

கஞ்சி பரிமாறிக்கொண்டிருந்த பெண் அகப்பையோடு அப்படியே நின்றாள். கோமகள் பாத்திரத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாசியண்ணே."

"சொல்லுங்கம்மா."

"துணியை நனைச்சுத் தொடைக்கலாமா?"

"தண்ணி போதும். அழுத்த வேண்டாம்."

கோமகள் ஈரத் துணியை மாசிலாமணியிடம் நீட்டினார். அவர் வாங்கி, அடியை மெல்ல ஒற்றினார். துணியில் செம்மண் ஒட்டியது. மறுபடி ஒற்றினார். ஒரு கோடு தெரிந்தது. குறுக்கே இன்னொன்று. அவர் கைப்பட்ட குறி, ஆணி ஆழமாக இறங்கிய இடம் உட்பட, அப்படியே இருந்தது.

மாசிலாமணியின் கை துணியோடு நின்றுவிட்டது.

"இதுலதான் ரொம்ப ஆழம்," என்றார் இன்னாசி. "அதான் முதல்ல இதை எடுத்தேன். மண்ணைப் பொடிச்சு, லேசாப் பசை சேத்து அடைச்சேன். நாளைக்கு யாராவது எடுக்கணும்னா தண்ணியிலேயே வந்துரும்லா."

"கீறினது யாருன்னு தெரியுமா?" கோமகள் கேட்டார்.

"சாவி ஒண்ணுதானேம்மா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சாவியை வாங்கிருவீங்க. அது போயிட்டா இவுக இங்க எதுக்கு இருக்கப் போறாக?"

மாசிலாமணி துணியைக் கீழே வைத்தார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

இன்னாசி அவரை நேராகப் பார்த்தார். "நான் சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா சார்?"

எல்லோரும் மறுபடி கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்கள். மாசிலாமணி மட்டும் குடிக்கவில்லை.

சாயங்காலம் பையைக் கட்டிக்கொண்டு கோமகள் முன்னால் வந்து நின்றார். சாவியை நீட்டினார்.

"இதை இன்னாசிகிட்டக் கொடுத்திடுங்க. நான் கிளம்பறேன்."

கோமகள் பாய் முடைந்துகொண்டிருந்தார். சாவியை வாங்கவில்லை. அப்போது இன்னாசி ஒரு தட்டில் குழைத்த மண்ணோடு வந்தார்.

"அம்மா, மத்த ஆறையும் அடைச்சிறட்டா? இந்த நைல் பாத்திரத்தையும் மறுபடி செய்யணும்."

"என்னைக் கேட்டா எப்படி? அறைச் சாவி ஐயாகிட்டதான் இருக்கு."

இன்னாசி மாசிலாமணியிடம் திரும்பி நின்றார். மாசிலாமணி கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு நடந்தார். இன்னாசி பின்னால் போனார்.

இந்த முறை நாற்காலி வெளியே போகவில்லை. மாசிலாமணி உள்ளேயே தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாத்திரமாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். இன்னாசி மெல்லிய குச்சியால் மண்ணை எடுத்துக் கோட்டுக்குள் வைத்தார். கோணல் கிண்ணத்தைப் பிடித்தபோது, அதன் உட்புறம் நாலு பள்ளங்களில் மாசிலாமணியின் நாலு விரல்களும் தானாகப் போய் உட்கார்ந்தன. அவர் கையை எடுக்கவில்லை.

"அப்படியே பிடிங்க சார்," என்றார் இன்னாசி. "நல்லாப் பிடிச்சிருக்கீங்க."

இருட்டுவதற்கு முன்னால் வேலை முடிந்தது. மாசிலாமணி பூட்டை இழுத்துப் பார்த்தார். இரண்டாவது முறையும் இழுத்துப் பார்த்தார். பிறகு கோமகளிடம் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும்," என்றார். "இன்னாசி இன்னைக்கு நல்லது செஞ்சார். ஒத்துக்கறேன். ஆனா அவர் ஒரு தடவை திருடினது நிஜம்தானே?"

"நிஜம்தான்."

"இன்னொரு தடவை திருடமாட்டார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

மாசிலாமணி நிமிர்ந்தார். "தெரியாமலா அவரை அந்த அறைக்குள்ள விட்டீங்க?"

கோமகள் ஓலையை மடக்கிச் செருகினார்.

"உங்களை விட்ட மாதிரிதான்."