மூன்று கட்டங்கள், ஒரு கையெழுத்து

சொர்ணம் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின கிளாஸையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

உள்ளே போய்க் கேட்க வேண்டும். வாய் வரவில்லை.

பல்கலைக்கழகத்து ஆங்கிலத் துறையில் மூன்று வருஷமாகக் கூட்டுகிறாள், டீ கொடுக்கிறாள். துறைத் தலைவர் ஆக்னஸ் மேடத்திடம் அவள் இதுவரை பேசியது ஒன்றே ஒன்றுதான். “டீயா, காபியா மேடம்?”

மேடமும் வார்த்தையை வீணாக்குகிற ஆள் இல்லை. எதைப் பற்றி ஆராய்ச்சி செய்யலாம் என்று ஒருத்தன் கேட்டதற்கு, எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டாராம். அவன் ரெண்டு நாள் புலம்பினான். மூன்றாம் நாள் வந்து கும்பிட்டுவிட்டுப் போனான்.

மணி பதினொன்று. பன்னிரண்டுக்கு ஆபீசில் எம்.ஏ. விண்ணப்பப் பாரம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். இன்றைக்குத்தான் கடைசி நாள்; சீட்டுத் தாளும் சாயங்காலமே கொடுத்துவிடுவார்கள்.

சொர்ணம் கையைச் சேலையில் துடைத்தாள். இடுப்பில் செருகியிருந்த பாரத்தை எடுத்தாள். உள்ளே போனாள்.

“மேடம், என் நாத்தனா பாரம்.”

மேடம் வாங்கிப் பார்த்தார்.

“பேரு முப்பிடாதி. பி.ஏ. இங்கிலீஷு முடிச்சிட்டா. எம்.ஏ.க்குப் போட்டிருக்கு.”

“அவ எங்க?”

“வீட்ல. இன்னைக்குப் பொண்ணு பாக்க வாராவ.”

மேடம் நிமிர்ந்தார்.

“அவ அண்ணன், அதான் என் வீட்டுக்காரரு, ஒரே பேச்சாச் சொல்லிட்டாரு மேடம். சீட்டுக் கிடைச்ச தாளு இன்னைக்கு ராத்திரிக்குள்ள கையில இருந்தாப் படிக்கட்டும், இல்லேன்னா ஆவணியில கல்யாணம்னு. மாப்பிள்ளைக்கு முப்பத்தெட்டு வயசு. ரெண்டாந்தாரம்.”

இவ்வளவு பேசியதில் அவளுக்கே மூச்சு வாங்கியது.

“அவ இங்க வந்துட்டா உன் பிள்ளைய யார் பாத்துக்குவா?”

சொர்ணத்தின் கைக்குழந்தையை முப்பிடாதிதான் பகலெல்லாம் வைத்திருக்கிறாள். அது மேடத்துக்கு எப்படித் தெரியும் என்று சொர்ணத்துக்குப் புரியவில்லை.

“தெரியல மேடம்” என்றாள்.

மேடம் பாரத்தை மேசையில் விரித்தார். அடியில் முப்பிடாதியின் கையெழுத்து இருந்தது. அதற்கு மேலே மூன்று கட்டங்கள். மூன்றும் காலி.

“இது என்ன?”

“கையெழுத்து மட்டும் போடச் சொன்னேன் மேடம். மத்தத நான் ஆளப் பிடிச்சு எழுதிக்கிடுதேன்னேன்.”

அவர்கள் வீட்டில் அப்படித்தான். ரேஷன் கார்டோ, ஆஸ்பத்திரித் தாளோ, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் பொம்பளைகள் கையெழுத்துப் போடுவார்கள். மேலே உள்ளதை யாராவது எழுதிக்கொள்வார்கள். சொர்ணத்தின் கல்யாணப் பதிவுத் தாளையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்கிறது. என்ன எழுதியிருந்தது என்று தெரியாது.

மேடம் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

“இது இலக்கியம். இது பிள்ளைங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிற படிப்பு. இது மொழிபெயர்ப்பு. ஒண்ணைப் போட்டா ரெண்டு வருஷத்துக்கு மாத்த முடியாது.”

“எதைப் போடலாம் மேடம்?”

மேடம் பாரத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“சீக்கிரம் வேலை கிடைக்கது எது மேடம்? பொம்பளப் பிள்ளைக்குத் தோதா?”

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

“நீங்களே ஒண்ணப் போட்டு விடுங்க மேடம். உங்களுக்குத் தெரியாததா?”

“நான் ஏற்கெனவே ஒண்ணு படிச்சிட்டேன்” என்றார் மேடம்.

சொர்ணம் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே கால். அழுகை வந்தது.

மேடம் எழுந்தார். வாசலோரம் சொர்ணம் வைத்திருந்த தட்டுக்குப் போனார். பிளாஸ்க் இரண்டையும் தன் பக்கம் இழுத்தார்.

“டீயா, காபியா?”

சொர்ணம் பதறிப்போனாள். “ஐயோ, நான் எடுத்துத் தாரேன் மேடம்.”

“உன்னைக் கேட்டேன். டீயா, காபியா?”

மூன்று வருஷத்தில் அவளை யாரும் கேட்டதில்லை. வீட்டிலும் கேட்டதில்லை. மீந்தது எதுவோ அதைக் குடிப்பாள்.

“எதுவானாலும் சரி மேடம்.”

மேடம் ஒரு காலிக் கிளாஸை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“குடி” என்றார்.

சொர்ணம் கிளாஸைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள். பிறகு அந்த மூன்று கட்டங்களைப் பார்த்தாள்.

“நான் அவகிட்டக் கேக்கவே இல்லையே” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

மேடம் தன் போனை அவள் பக்கம் தள்ளினார்.

முப்பிடாதியின் போனை நேற்றே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சொர்ணம் தன் புருஷன் நம்பரைப் போட்டாள்.

“யாரு?” என்றான் லிங்கதுரை.

“நாந்தான்.”

“ஏட்டி, எங்க செத்த? மாப்பிள்ளை வீட்டாளுக வந்து உக்காந்தாச்சு. சீக்கிரம் வா.”

“உங்க தங்கச்சிகிட்டப் போனக் குடுங்க.”

“எதுக்கு?”

அவள் அவனிடம் பொய் சொன்னதே இல்லை. “பூ வாங்க நிக்கேன். மல்லியா, பிச்சியான்னு கேக்கணும்.”

“இது ஒரு கேள்வின்னு... ஏ, இந்தா, உன் மதினி.”

சேலை சரசரக்கிற சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். குழந்தை எங்கேயோ அழுதது.

“சொல்லுங்க மதினி” என்றாள் முப்பிடாதி. குரல் அழுது ஓய்ந்த குரல்.

“பூவு இல்லட்டி. பாரம். மூணு கட்டம் இருக்கு. இலக்கியம், பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கது, மொழிபெயர்ப்பு. உனக்கு எது வேணும்?”

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

“எதுவானாலும் சரி மதினி. உள்ள நுழைஞ்சாப் போதும்.”

“அப்படிச் சொல்லாத. அப்படிச் சொன்னா ஒண்ணும் கிடைக்காது. நீ எதப் படிக்கணும்னு நெனச்ச? அதச் சொல்லு.”

மேடம் பேனா மூடியைக் கழற்றினார்.

“மதினி,” முப்பிடாதி குரலைத் தாழ்த்தினாள், “நீங்க நெசமாவா கேக்கிய?”

“நெசமாத்தான் கேக்கேன். சீக்கிரம் சொல்லு தாயி.”

“முப்பிடாதி!” அங்கே லிங்கதுரை கத்தினான். “பூவுக்கு இவ்ளோ நேரமா? போன வச்சிட்டு வெளிய வா. கூப்பிடுதாவ.”

“மதினி, எனக்கு இந்த மூணுல மொழிபெயர்ப்புதான் வேணும்” என்றாள். சொர்ணம் மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தாள்.