வெளிப்பக்கம் மட்டும் பூட்டு

இருட்டிவிட்டிருந்தது. குடோனுக்குள்ளிருந்து ‘கர்ர்ர்ர்’ என்று ஏதோ உராயும் சத்தம். ஆரோக்கியசாமி ஒரு அடி பின்வாங்கினார்.

“மேடம், உள்ளே பேய் கீய் இருக்கா?”

“இருந்தா அதுக்கும் ஒரு விலை போடுங்க சார்,” என்றாள் யோகாம்பிகை.

கடனுக்கு ஈடாக வரும் மில்களையும் வீடுகளையும் மதிப்பிட்டே வங்கியில் காலம் கழித்து ஓய்வு பெற்றவர் அவர். புதுக் கம்பெனிகளில் பணம் போடும் யோகாம்பிகைக்கு அவர் மகள் வயசு. அவளிடம்தான் தொழில் கற்க வந்து சேர்ந்திருந்தார். சாயங்காலம் ஒரு கேள்வி கேட்டார்: “இன்னும் ஒரு பெட்டிகூட விற்காத கம்பெனிக்கு எப்படி மேடம் விலை போடுறது?” அவள் பதிலுக்கு ஒரு துணிப்பையை அவர் கையில் திணித்துக் கூட்டிவந்துவிட்டாள்.

“பை என்ன இந்தக் கனம் கனக்குது?”

“விலை போடுற சாமான். கீழே போட்டுடாதீங்க.”

கதவைத் தட்டினாள். “பெனிட்டா, நான்தான்.”

மறுபடியும் அதே கர்ர்ர். கதவு கொஞ்சமாகத் திறந்தது. இடுப்பில் குழந்தையோடு பெனிட்டா. பக்கத்தில், அவள் இவ்வளவு நேரம் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த இரும்பு மேஜை.

“தாழ்ப்பாள் இல்லைங்களா?” என்றார் ஆரோக்கியசாமி.

“குடோன்தானுங்களே சார். வெளியே மட்டும்தான் பூட்டு. உள்ளே ஆள் இருப்பாங்கன்னு யாரு நினைச்சாங்க?”

குறைமாதத்தில் பிறந்த இந்தக் குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், வீட்டிலிருந்து கொண்டுபோன தாய்ப்பால் வழியிலேயே திரிந்துபோனதைப் பார்த்தவள் பெனிட்டா. கெடாமல் கொண்டுபோகிற பெட்டி ஒன்றை இரவும் இங்கேயே தங்கிச் செய்துகொண்டிருந்தாள்.

ஆரோக்கியசாமி பழக்கதோஷத்தில் சுவரைத் தட்டிப் பார்த்தார். மேஜையைத் தூக்கிப் பார்த்தார். மனசுக்குள் கூட்டினார்.

“கேட்ட பணத்தைத் தர்றோம்மா. கம்பெனியில பாதி எங்களுக்கு.”

பெனிட்டா கதவைப் பார்த்தாள்.

“சரிங்க சார்.”

“இப்பவே பாதி போனா, அடுத்துப் பணம் போட வர்றவங்களுக்கு எதைத் தருவே?” என்றாள் யோகாம்பிகை. “கடைசியில உனக்கு என்ன மிஞ்சும்?”

“தெரியுங்க மேடம். இந்த மாசம் தாண்டலைன்னா மிஞ்ச எதுவுமே இருக்காதுங்களே.”

யோகாம்பிகை பையை வாங்கித் தரையில் கொட்டினாள். ஒரு தாழ்ப்பாள், திருகாணிகள், திருப்புளி.

“சார், இதை மாட்டுங்க.”

“நானா?”

“பின்னே, பாப்பாவா மாட்டும்?”

பெனிட்டா சிரித்துவிட்டாள். அவர் முட்டி போட்டு உட்கார்ந்து திருகினார். குழந்தை தவழ்ந்து வந்து அவர் கண்ணாடியைப் பிடுங்கியது. “இந்தாம்மா, முதல் பங்குதாரர் என் கண்ணையே கேட்கிறார்,” என்றார். வேலை முடிய வெகுநேரம் ஆனது.

யோகாம்பிகை எழுந்தாள். “பெனிட்டா, இந்த மாசச் செலவு என் பொறுப்பு. அதுக்குப் பங்கு கிங்கு கிடையாது. நாளைக்குக் காலையில ஃபோன் பண்ணு. எவ்வளவு பங்கு தருவேன்னு நீ சொல்லு.”

இருவரும் வெளியே வந்தார்கள். வாசலில் ஆரோக்கியசாமி தயங்கி நின்றார்.

“மேடம், அந்தப் பொண்ணே பாதிக்குச் சரின்னு சொல்லிருச்சு. எதுக்கு இன்னொரு தடவை கேட்கணும்?”

“அப்போ கதவுல மேஜைதானே சார் இருந்துச்சு. அது பயத்துல சொன்ன சரி.”

அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார்.

உள்ளே, தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழுந்தது.