மோட்டார் கழன்ற மலைப்பாதை

“எத்தனை முறை முறுக்கினாலும் கழன்றுவிடுகிறது, அம்மா. இந்த வேலையை இனி வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.”

வையாபுரி சொல்லிவிட்டு மின்சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

பச்சைமலைச் சரிவில் ஒரு சிறிய ஆசிரமம். அதை நடத்திய தவமணி அம்மா வையாபுரியைவிட வயதில் இளையவர். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றபின், மனம் அடங்க வழி கேட்டு அவரிடம் வந்தவர் வையாபுரி.

அம்மா அவருக்கு மந்திரம் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு மின்சைக்கிளைக் கொடுத்தார். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு, ஊர் ஊராக வலி மருந்து கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்.

சைக்கிளின் மோட்டார் இரண்டு பெடல்களுக்கும் நடுவே, பெடல் அச்சில் மாட்டியிருந்தது. ஒரு பெரிய நட்டுதான் அதற்குப் பிடிப்பு. அந்த நட்டுதான் அடிக்கடி இளகியது.

போன வாரம் ஏற்றத்தில் மோட்டார் ஆடி ஆடி, ஒயர் அறுந்து, வண்டி நின்றுபோனது. வையாபுரி அதைத் தள்ளிக்கொண்டே மலை ஏறினார். மதியம் பெரியண்ணனுக்குப் போய்ச் சேர வேண்டிய மருந்து, பொழுது சாயும்போதுதான் சேர்ந்தது. பெரியண்ணனுக்கு வாயில் புற்று.

“அவர் என்ன சொன்னார்?” என்று அம்மா கேட்டார்.

வையாபுரி சைக்கிளைப் பார்த்தபடி சொன்னார்.

“நான் உள்ளே போகவில்லை. அவர் சம்சாரம் கையில் மருந்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.”

“மற்ற நாட்களில்?”

“மற்ற நாட்களிலும் வாசலோடு சரி.”

 அம்மா சைக்கிள் அருகே குந்தி உட்கார்ந்தார்.

ஒயரை வையாபுரி ஏற்கெனவே சரிசெய்திருந்தார். நட்டையும் புதிதாக முறுக்கியிருந்தார். மோட்டாருக்கும் அதன் மேலே ஓடிய சைக்கிள் சட்டத்தின் கம்பிக்கும் நடுவே இடைவெளி இருந்தது. அம்மா தன் விரல்களை அதற்குள் விட்டுப் பார்த்தார்.

“இது எதற்கு?”

“மோட்டார் கம்பியில் இடித்துவிடக் கூடாது என்று தள்ளி வைத்தேன்.”

அம்மா அவரை ஏறி உட்காரச் சொன்னார். பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்தச் சொன்னார்.

வையாபுரி அழுத்தினார். மோட்டார் எம்பிக் கம்பியில் முட்டியது. காலை எடுத்ததும் தொங்கியது. மறுபடி அழுத்தினார். மறுபடி முட்டியது. புதிதாக முறுக்கிய நட்டு அதற்குள் இளகியிருந்தது.

“எந்தப் பக்கம் போகிறது?”

“கம்பிப் பக்கம்.”

“எப்போதும்?”

“எப்போதும் அப்படித்தான் அம்மா.”

அம்மா பழைய டியூபிலிருந்து ஒரு துண்டு ரப்பரை வெட்டிக் கம்பியின் அடியில் வைத்தார். மோட்டாரை இரு கைகளாலும் தூக்கி, அந்த ரப்பரில் அழுந்தும்படி தாங்கிப் பிடித்தார். 

“இப்போது முறுக்குங்கள்.”

வையாபுரி நட்டை முறுக்கினார். பிறகு ஏறி உட்கார்ந்து பெடலை அழுத்தினார். வண்டி துடித்தது. மோட்டார் அசையவில்லை.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. “இவ்வளவு ஒட்டி இருக்கிறதே, இடிக்காதா?”

“இடிக்கிறதற்கு இடம் வேண்டும்.”

அம்மா கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வையாபுரி மோட்டாருக்கும் கம்பிக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார்; நுழையவில்லை. வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னதற்கு அம்மா பதிலே சொல்லவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கூப்பிட்டுக் கேட்கலாம் என்று வாயெடுத்தார். கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பெரியண்ணன் வீட்டு வாசலில் அவர் மனைவி காமாயி வழக்கம்போல் கை நீட்டினாள். வையாபுரி மருந்தைக் கொடுத்தார். திரும்பவில்லை. செருப்பைக் கழற்றினார்.

காமாயி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நகர்ந்து வழி விட்டாள்.

உள்ளே புண்ணின் வாடை அடித்தது. பெரியண்ணன் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். கன்னம் துணியால் மூடியிருந்தது. கண்கள் மட்டும் வையாபுரியின் பக்கம் திரும்பின.

வையாபுரி கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார்.

“அன்னிக்கு மருந்து நேரத்துக்கு வரலை. மோட்டாரை நான் சரியா மாட்டாம கிளம்பிட்டேன். தப்பு என்னோடதுதான்.”

 காமாயி மருந்தை ஊற்றிக் கொடுத்தாள். பெரியண்ணன் சிரமப்பட்டு விழுங்கினார். பிறகு கையைத் துழாவி வையாபுரியின் தோளைப் பிடித்தார். எலும்பாய்ப் போன கை. ஆனாலும் பாரமாக இருந்தது.

“ரொம்ப வலிச்சுது,” என்றார், குழறலாக.

வையாபுரி தோளை அவர் பக்கம் சாய்த்துக்கொடுத்தார்.

“சொல்லுங்க.”