உமது சமயச் சின்னங்கள்

ஒரு விடைத்தாளை உங்கள் முன் வைக்கிறேன். கதையைக் கேட்டபின் திருத்த வேண்டியவர்கள் நீங்கள்தான்.

வவுனியாவுக்கு வடக்கே, ஒரு குளக்கட்டை ஒட்டிச் சிறிய ஆரம்பப் பாடசாலை ஒன்று இருந்தது. அங்கே தரம் நான்குப் பிள்ளைகளுக்குச் சைவநெறி படிப்பித்தவர் தவச்செல்வி ரீச்சர். அந்த வகுப்பில் ஒரேயொரு கத்தோலிக்கப் பிள்ளை, பெயர் ஜெனோவா. தகப்பனுக்கு மின்சாரப் பகுதியில் வேலை. மன்னாரிலிருந்து மாற்றலாகிக் குடும்பத்தோடு வந்திருந்தார். கத்தோலிக்க சமயம் படிப்பிக்க அந்தப் பள்ளியில் ஆளில்லை. சமயப் பாட நேரத்தில் பிள்ளையை எங்கே இருத்துவது என்று ரீச்சர் தாயிடம் கேட்டார்.

"அங்கேயே இருக்கட்டும் ரீச்சர். நல்லதைத்தானே சொல்லிக் குடுக்கிறியள். வீட்டுச் செபத்தை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள் தாய்.

"நீ படம் கீறிக்கொண்டிரு அம்மா" என்று ரீச்சர் அவளைக் கடைசி வாங்கில் இருத்தினார். ஆனால் பென்சில் ஓடியதைவிடக் காதுதான் கூட வேலை செய்தது. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட நாவுக்கரசர் மிதந்து கரைசேர்ந்த கதையைச் சொன்ன அன்று அவள் கை உயர்ந்தது.

"ரீச்சர், இயேசுவின்ரை சீடர், எங்கட இராயப்பரும் கடலுக்கு மேலால நடந்தவர். காத்தைக் கண்டு பயந்த உடன தாழத் தொடங்கிற்றார். நாவுக்கரசருக்குப் பயமே வரேல்லையோ?"

வகுப்பு முழுவதும் ரீச்சரைத் திரும்பிப் பார்த்தது. வருடக்கணக்காக அந்தக் கதையைச் சொல்லிவந்தவர் அவர். ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. "யோசிச்சு நாளைக்குச் சொல்லுறன்" என்று அப்போதைக்குத் தப்பினார். அன்றிலிருந்து ஜெனோவா முன்வாங்குக்கு வந்துவிட்டாள். தவணைப் பரீட்சையையும் மற்றவர்களோடு சேர்ந்து எழுதினாள்.

அந்த முறை ஊர்க்கோயிலின் பரிபாலன சபை ஒரு புதுச் சைக்கிளை அறிவித்தது. தரம் நான்கில் சைவநெறிக்கு ஆகக்கூடிய புள்ளி எடுக்கும் பிள்ளைக்கு அது. தர்மிகாவுக்குத்தான் கிடைக்கும் என்று எல்லாரும் எண்ணினார்கள். கெட்டிக்காரி, குளத்துக்கு அப்பால் இருந்து வெயிலில் நடந்து வருபவள். சைக்கிள் மணியை எந்தப் பக்கம் பூட்டுவது என்றுகூட அவள் தீர்மானித்து வைத்திருந்தாள்.

வினாத்தாளை ரீச்சரே தயாரித்தார். வழக்கமாக எழுதும் கேள்விகள்தான். கடைசிக் கேள்விக்கு இரண்டு புள்ளி: 'உமது சமயச் சின்னங்கள் இரண்டு தருக.'

தர்மிகா, 'திருநீறு, உருத்திராக்கம்' என்று எழுதியிருந்தாள். ஜெனோவா, 'சிலுவை, செபமாலை' என்று எழுதியிருந்தாள்.

சிவப்புப் பேனாவோடு ரீச்சர் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றக் கேள்விகளில் தர்மிகாவைவிட ஜெனோவாவுக்கு ஒரு புள்ளி அதிகம். இதைச் சரி என்று போட்டால் சைக்கிள் அவளுக்கு. பிழை என்று போட்டால் தர்மிகாவுக்கு. கடைசியில் அவர் சரி போட்டார்.

தாள்களைப் பார்வையிட்ட அதிபர் பூலோகராசா ரீச்சரைக் கூப்பிட்டார்.

"இது சைவநெறித் தாள். நாங்கள் படிப்பிச்சது பிள்ளைக்கு விளங்கினதோ எண்டுதான் பாக்கிறம். ஒவ்வொரு பிள்ளையும் தன்ரை தன்ரை விடையை எழுதினால் பரீட்சை எதுக்கு ரீச்சர்?" என்று சொல்லி அந்தச் சரியை வெட்டிப் பிழையாக்கினார்.

செய்தி சபைத் தலைவர் குலவீரசிங்கத்தின் காதுக்கு எட்டியது. இளகிய மனமுள்ளவர். "பிள்ளையின்ரை மனம் நோகக்கூடாது. இன்னொருக்காக் கேட்டுப் பாப்பம்" என்று பள்ளிக்கே வந்துவிட்டார். ரீச்சரும் இரண்டு சிறுமிகளும் அதிபரின் அறைக்கு அழைக்கப்பட்டார்கள்.

தலைவர் ஜெனோவாவிடம் ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்தார். "பிள்ளை, சைவசமயச் சின்னங்கள் திருநீறு, உருத்திராக்கம் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியும் ஐயா."

"அப்ப கடைசிக் கேள்விக்கு அதை இதில எழுதும். புள்ளி போடுவம். சைக்கிள் உமக்குத்தான்."

யன்னலுக்கு வெளியே, மாமரத்தின் கீழ் அந்தச் சைக்கிள் நின்றது. ஜெனோவா அதைப் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள். மூவரும் எட்டிப் பார்த்தார்கள். 'சிலுவை, செபமாலை.'

"ஏனம்மா?" என்றார் ரீச்சர் மெதுவாக.

"உமது எண்டுதானே ரீச்சர் கேட்டிருக்கு. என்ரை அதுதானே?"

அப்போது கதவோரம் நின்ற தர்மிகா கேட்டாள்: "சேர், அவள் திருநீறு எண்டு எழுதியிருந்தால் அது பொய்தானே? அதுக்கோ சரி போட்டிருப்பீங்கள்?"

இப்போது சொல்லுங்கள். சரி போட்ட ரீச்சர், அதை வெட்டிய அதிபர், இன்னொரு தாள் நீட்டிய தலைவர்: இவர்களில் யார் செய்தது சரி? சைக்கிள் யாருக்குப் போக வேண்டும்?

விடை: ரீச்சர் செய்ததே சரி. அதிபர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் மனதிலிருந்த கேள்வி தாளில் இல்லை. கேள்வி கேட்டவர் விட்ட பிழைக்குப் பதில் எழுதியவரின் புள்ளியை வெட்டலாகாது. மூவரில் அன்பு மிகுந்தவர் தலைவர். ஆகப் பெரிய தவறும் அவருடையதுதான். சைக்கிளைக் காட்டி, தனதல்லாததைத் தனது என்று ஒரு குழந்தையை எழுதச் சொன்னார். தர்மிகாவின் நடை தூரம் நம் மனதை இழுக்கும், ஆனால் போட்டி தூரத்துக்கு அல்ல. கடைசியில் ரீச்சர் போட்ட சரியே நிலைத்தது, சைக்கிள் ஜெனோவாவுக்குப் போயிற்று. அவ்வளவு நேர்மையாகக் கேட்ட தர்மிகா வீட்டில் விக்கி விக்கி அழுதாள். ஒரு கிழமை ஜெனோவாவோடு கதைக்கவும் இல்லை. அடுத்த வருடம் ரீச்சர் 'சைவசமயச் சின்னங்கள்' என்று கேள்வியை மாற்றினார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே விடையை எழுதினார்கள். திருத்துவது சுலபமாக இருந்தது. ஆனால் கடைசித் தாள் வரை எதுவும் அவரை நிமிர்ந்து உட்கார வைக்கவில்லை.