மலையே இல்லாத நாட்டில் முளைத்த மலைகள்

முன்னொரு காலத்திலே, மருந்துக்குக்கூட ஒரு மேடு இல்லாத பரவைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே வந்து சேர்ந்தான் கரும்பாடன் என்கிற மந்திரவாதி. படுபாவி! ஏதாவது ஓர் அதிசயத்தைக் காட்டுவான். பார்த்தவர் வாயைப் பிளந்து நிற்பார். உடனே "மலை!" என்பான். அவ்வளவுதான், ஆள் கல்லாகி, குன்றாகிவிடுவார். ராஜாவே ஒரு குன்றாகிவிட்டார் என்றால் பாருங்களேன்!

வாத்து மேய்க்கிற செங்கமலத்தின் அண்ணன் வேலப்பனும் அப்படித்தான் கல்லாய்ப் போனான். மழை பெய்து குன்றின்மேல் புல் முளைத்துவிட்டால் அப்புறம் அவன் மனுஷனாகவே முடியாது. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது.

ஊரார் கடப்பாரையோடு ஓடிவந்தார்கள். "மலையென்றால் உடைக்க வேண்டியதுதானே!"

"ஐயோ, அது என் அண்ணன்!" என்று அலறித் தடுத்தாள் செங்கமலம். வாத்துகளை ஓட்டிக்கொண்டு நேரே மந்திரவாதியிடம் போனாள்.

அவன் ஒரு பொன்கொம்பு மானை ஆடவிட்டான்.

"அடடா, என்ன அழகு!" என்றாள்.

"மலை!" என்றான். அதற்குள் ஒரு வாத்து வாய்க்காலில் இறங்கிவிட்டது. அவள் அதன் பின்னால் ஓடிவிட்டாள்.

கீழேயிருந்து மேலே விழும் அருவியைக் காட்டினான்.

"அடடா, என்ன அழகு!"

"மலை!" இன்னொரு வாத்து முள்ளுக்குள் நுழைந்தது. ஓடினாள்.

வானத்தில் ஒரு மாளிகையையே மிதக்கவிட்டான்.

"அடடா, என்ன அழகு!"

"மலை!" வாத்துகள் நாலாபக்கமும் சிதறின. சொல்லணுமா, ஓடினாள்!

மந்திரவாதிக்குப் பொறுமை போய்விட்டது. "அடியே! எல்லாரும் மலைத்தார்களே, நீ மட்டும் ஏன் மலைக்கமாட்டேன் என்கிறாய்?"

மலைக்கமாட்டேனா? அவள் புத்தி வேலை செய்தது. நட என்றால் நடப்பார்கள், படு என்றால் படுப்பார்கள். மலை என்றால் மலைப்பார்கள்! அட, இது குன்றின் பெயரே இல்லை. அசந்துபோய் அசையாமல் நில் என்கிற கட்டளை! கட்டளை என்றால் வேண்டாமென்று சொல்லலாமே!

ஓடினாள் பாருங்கள்! முதல் மழைத்துளி அவள் மூக்கில் விழுந்தது.

"அண்ணா! மலைக்காதே!"

குன்று தும்மியது. "தங்கச்சி, கால் மரத்துப்போச்சு" என்று எழுந்தான் வேலப்பன். கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு ஒவ்வொரு குன்றாகப் போய் அதையே கூவினாள். ராஜா கொட்டாவி விட்டபடி எழுந்தார்.

ஒற்றைச் சொல்லில் தன் வித்தை பாழானதைக் கண்ட கரும்பாடன் வாயைப் பிளந்து, பழக்கதோஷத்தில் "மலை!" என்றான். பிளந்தபடியே கல்லானான். கொட்டிய மழையில் அவன் தலைமேல் புல் முளைத்தது.

அன்றிலிருந்துதான் அசந்து நிற்பவரை 'மலைத்துப்போனார்' என்கிறோம். பண்டிதர்கள் வேறு காரணம் சொல்வார்கள். சொல்லட்டும், அவர்கள் என்ன கூடவா இருந்தார்கள்?

ராஜா கைகூப்பிச் சொன்னார்: "பெண்ணே, உன்னைப்போல் ஒருத்தியை நான் கண்டதில்லை. பாதி ராஜ்யம் உனக்கு!"

மூன்று அதிசயத்துக்கும் அசராதவள், வாயைப் பிளந்து, ஆடாமல் அசையாமல் நின்றுவிட்டாள்.

வேலப்பன் பதறிப்போய் அவள் தோளை உலுக்கினான்.

"தங்கச்சி, மலைக்காதே! வாங்கிக்கோ!"