ஓங்கிலின் ஒற்றைக் கண்

கோட்டை மதிலைக் கடலலை வந்து தொட்டுப் போன முன்னொரு காலத்தில், வலம்புரிக்கோன் என்றொரு அரசன் இருந்தான். நல்லவன்தான், ஆனால் சாப்பாடு என்று வந்துவிட்டால் கை ஓயாது. நண்பகலில் அவன் இலையில் பதினெட்டு வகை விழும். உண்டு முடித்து மஞ்சத்தில் சாய்ந்தால் வெயில் இறங்கும் வரை குறட்டைதான். அந்த உறக்கத்துக்கு ஒரு காவலன் உண்டு. சோற்றில் யாராவது நஞ்சு வைத்துவிட்டால் என்ன செய்வது? ஆகையால் அரசன் உண்பதையெல்லாம் அதே அளவில் காவலன் முதலில் உண்ண வேண்டும். பிறகு கையில் வேலோடு விழித்து நிற்க வேண்டும். அதுதான் அரண்மனை வழக்கம். பதினெட்டு வகையை உள்ளே தள்ளியவன் எப்படி ஐயா விழித்திருப்பான்? அதை ஒருவரும் யோசிக்கவில்லை.

காவலன் உடையாண்டி ஆறு வருஷம் எப்படியோ சமாளித்தான். ஒருநாள் பலாப்பழப் பாயசம் இரண்டாம் முறையும் வந்தது. அன்று அரசன் கண்விழித்தபோது, உடையாண்டி மஞ்சத்தின் காலைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

அரசனுக்கு வந்ததே கோபம்! "இவனை நாட்டை விட்டே துரத்துங்கள்!" என்றான். தளவாய் அதிவீரப்பருக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். அந்த வேலைக்குத் தன் மைத்துனனை வைக்க வெகுநாளாகக் காத்திருந்தவர் அவர்.

அவையின் விகடகவி குழைக்காதருக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து, "அரசே, தூங்குவது உயிருள்ளவை எல்லாம் செய்கிற காரியம். அதற்கா இத்தனை பெரிய தண்டனை?" என்றார்.

தளவாய் முந்திக்கொண்டார். "மன்னா, புலவர் பரிந்து பேசுகிறார். தூங்கிக்கொண்டே காவலும் காக்கும் உயிர் ஒன்றை மூன்று நாளில் அவர் காட்டட்டும், உடையாண்டியை மன்னிப்போம். காட்டாவிட்டால் அவனுக்குத் துணையாகப் புலவரும் எல்லையைத் தாண்டட்டும்."

"நல்ல யோசனை!" என்றான் அரசன்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று குழைக்காதர் தலையைச் சொறிந்துகொண்டே வெளியே வந்தார். பயமாகத்தான் இருந்தது, இந்த வயதில் எந்த ஊரில் போய்ச் சிரிக்க வைப்பது? வாசலில் உடையாண்டியின் மனைவி பேச்சியம்மை நின்றாள். படகோட்டிகள் வீட்டுப் பெண். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவர் விஷயத்தைச் சொன்னதும் அவள் கண்ணைத் துடைத்தாள்.

"இதுக்கா சாமி இப்படி முழிக்கீய? எங்க கடல்ல ஓங்கில் இருக்குல்லா? அது ஒரு கண்ணைத்தான் மூடும். நாளை விடியவும் வாங்க, காட்டுதேன்."

மறுநாள் காலை, காற்றே இல்லாத கடலில் படகு போனது. துடுப்பு பேச்சியம்மையின் கையில். நடுவில் அரசன், ஒரு பக்கம் குழைக்காதர், மறுபக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு தளவாய். தூரத்தில், இன்று நாம் டால்பின் என்கிற ஓங்கிலின் சாம்பல் நிற முதுகு ஒன்று மெல்ல மிதந்தது.

"ஒரு மீனைக் காட்டி மன்னரை ஏமாற்றப் பார்க்கிறீரா?" என்றார் தளவாய்.

"மீனுன்னு யாரு சொன்னா தளவாய் ஐயா?" என்றாள் பேச்சியம்மை. "அது குட்டி போட்டுப் பால் கொடுக்கும். நம்மள மாதிரி மேல வந்துதான் மூச்சு விடும். முழுசாத் தூங்கிட்டா மூச்சு விட மறந்து செத்துப்போகும்லா? அதான் பாதி மூளை தூங்கும், பாதி முழிச்சுக்கிடும். அப்புறம் மாத்திக்கிடும்."

ஓங்கில் உச்சித் துளை வழியே 'ப்ஸ்' என்று ஒரு மூச்சு விட்டது. அரசன் குழந்தைபோல எட்டிப் பார்த்தான். இந்தப் பக்கத்துக் கண் மூடியிருந்தது. படகு ஓசையில்லாமல் மறுபக்கம் போனது. அங்கே கண் திறந்திருந்தது, அரசனையே பார்த்தது.

"பாசாங்கு!" என்று கத்திய தளவாய், அதை விரட்டக் கையை ஓங்கினார். அவ்வளவுதான். வால் ஒன்று எழுந்து விழுந்தது. தலைப்பாகை முதல் இடைவார் வரை தளவாய் தொப்பலாக நனைந்தார். கூச்சலைக் கேட்டுச் சற்றுத் தள்ளியிருந்த நான்கு ஓங்கில்கள் சீழ்க்கையடித்துக்கொண்டு விரைந்து நீந்தி வந்தன.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீழ்க்கை உண்டு, அதான் அதுக்குப் பேரு," என்றாள் பேச்சியம்மை. "ஒண்ணுக்கு முடியலைன்னா மத்தது மூச்சு விட மேல தூக்கிப் பிடிக்கும்."

"காவல் என்றால் இது காவல்!" அரசன் கைதட்டினான். "உடையாண்டியை மன்னித்தேன். ஆனால் இனி இந்த ஓங்கில்தான் என் காவலன்!"

பேச்சியம்மையின் துடுப்பு நின்றுவிட்டது. மன்னிப்பு கிடைத்தும் பிழைப்பு போயிற்றே! தளவாய் தாடியைப் பிழிந்துகொண்டே, "ஆம் மன்னா! புலவரே அதை மஞ்சத்தருகே கொண்டுவந்து நிறுத்தட்டும்," என்றார்.

குழைக்காதர் கைகூப்பினார். "இன்றைக்கே நியமிக்கலாம், அரசே. ஆனால் காவலனும் தாங்களும் ஒரே உணவை உண்பது வழக்கம். இது சமைத்ததைத் தொடாது. ஆகவே இன்று முதல் தங்கள் இலையில் ஒரு கூடை பச்சை மீன், முள்ளோடு. தண்ணீரை விட்டு இது வராது. ஆகவே மஞ்சமும் கடலிலேயே."

அரசன் முகம் பலாப்பழப் பாயசத்தை நினைத்து வாடிப்போனது. "வேறு வழியே இல்லையா?"

"இருக்கிறது. இந்த ஓங்கில் செய்வதையே செய்வோம். பாதி உறங்கும், பாதி காக்கும். மனிதனைப் பாதியாக்க முடியாது, ஆகவே காவலுக்கு இரண்டு பேர். ஒருவன் உண்பான், உண்டவன் உறங்குவான். மற்றவர் உண்ணாமல் விழித்திருப்பார். வெறும் வயிற்றில் தூக்கம் வராது, அரசே. உண்பதற்கு உடையாண்டி பழகியவன். விழித்திருக்க, காவலில் இவ்வளவு அக்கறை கொண்ட தளவாயைவிடத் தகுந்தவர் யார்?"

அரசன் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. "அப்படியே ஆகட்டும்!" என்றான். பேச்சியம்மை குழைக்காதரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் துடுப்பை மறுபடி எடுத்தாள். தளவாய் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அரசன் தன் முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதர் கழுத்தில் போட்டான். "இன்னும் கேளும்!"

"ஒன்றே ஒன்று, அரசே. அவையில் தளவாய் பேசும்போது, ஓங்கிலைப்போல நானும் ஒரு கண்ணை மூடிக்கொள்ள அனுமதி வேண்டும்."

"ஒரு கண் போதுமா ஐயா?" என்று அரசன் மறுபடி விழுந்து விழுந்து சிரித்தான். "நான் பத்து வருஷமாக இரண்டையும் அல்லவா மூடிக்கொண்டிருக்கிறேன்!"